வன்னிக் காணிகளும் அவற்றின் விலை வரலாறும்

ஒரு வளவின் விலை என்ன என்னும் வினா எளிதானது போலத் தோன்றும். விற்போன் ஒரு தொகை கேட்கிறான்; வாங்குவோன் ஒரு தொகை சொல்கிறான்; இருவரும் இணங்கும் தொகையே விலை என்று கூறிவிடலாம். ஆனால் சந்தையில் நாள்தோறும் கைமாறும் மாம்பழத்துக்குப் பொருந்தும் இவ்விதி, தலைமுறைக்கு ஒருமுறை கைமாறும் வீடு வளவுக்கு அவ்வளவு எளிதிற் பொருந்துவதில்லை. விற்கப்படாத வளவின் பெறுமதியையும் அறிய வேண்டிய தருணங்கள் பல உண்டு. வீதியை அகலமாக்குவதற்கு அரசாங்கம் காணியைச் சுவீகரிக்கிறது, நட்டஈடு எவ்வளவு? உடன்பிறந்தார் முதுசத்தைப் பங்கிடுகின்றனர்; கல்வீட்டைப் பெறுபவர் மற்றவர்க்கு ஈடுசெய்ய வேண்டியது எவ்வளவு? வங்கியொன்று வீட்டை ஈடாகக் கொண்டு கடன் கொடுக்கிறது; அவ்வீட்டை எத்தொகைக்கு மதிப்பது? இவற்றுக்கு விடை காண முயல்வோர், அயலிலுள்ள காணிகள் அண்மையில் என்ன விலைக்கு விற்கப்பட்டன என்பதையே முதலில் ஆராய்வர். அவ்விலைகள் எழுத்தில் உள்ள இடம் காணிப் பதிவகம்.

வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி முதலிய மாவட்டங்கள் அடங்கிய வன்னிப் பெருநிலத்தில் இப்பதிவுகள் எவ்வாறு தோன்றின? அவற்றிற் காணப்படும் விலையை எவ்வளவுக்கு நம்பலாம்? பதிவேட்டில் ஏறாத காணிகளை எவ்வாறு மதிப்பது? இம்மூன்று வினாக்களையும் வரலாற்று முறையில் நோக்குதல் பயனுடையதாகும்.

காணி விற்பனை ஊரறிய நடைபெற வேண்டும் என்பது தமிழர்க்குப் புதிய கொள்கையன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில், விற்கப்பட்ட நிலத்தின் நான்கெல்லையும், பெற்ற காசின் தொகையும், உடன்பட்டுக் கையெழுத்திட்டோர் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆவணங்கள் எழுதி உறுதி செய்யப்பெற்ற மன்று ஆவணக்களரி எனப்பட்டது. இந்நோக்கமே வேறு வடிவில் யாழ்ப்பாணத்துத் தேசவழமையிலும் காணப்படுகிறது. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டளவில் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி தொகுத்த அந்நூலின்படி, காணியை விற்க விரும்புபவன் தன் உரித்தாளர்க்கும், பங்காளர்க்கும், அக்காணியை ஈடாகப் பிடித்திருக்கும் அயற்காணிக்காரர்க்கும் அதனை அறிவித்தல் வேண்டும். ஒல்லாந்தர் இவ்வழக்கத்துக்குப் புதிய முறையொன்றை வகுத்தனர். விற்பனைச் செய்தி அவ்வப் பகுதித் தேவாலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து வாசிக்கப்பட வேண்டும். முன்னுரிமை கோருவோர் அதற்குள் முன்வர வேண்டும். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் தேசவழமைக்குச் சட்டவலு அளித்தனர். முன்னுரிமையோடு வாங்கும் உரிமை 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டத்தில் மீண்டும் வரையறுக்கப்பட்டது.

இவ்வழக்கம் விலையை இருவகையிற் பாதித்தது. விற்பனை ஊரறிய நடந்தமையால், இன்ன வளவு இன்ன தொகைக்குப் போயிற்று என்பது பலர்க்கும் தெரிந்த செய்தியாயிற்று. அதேவேளையில், பேரம் பேசி முடித்த காணியைப் பங்காளி ஒருவன் வந்து தனதாக்கிக்கொள்ளக்கூடும் என்னும் அச்சத்தால் பிறர் முன்வரத் தயங்கினர். எனவே உறவினர்க்கிடையே நடந்த விற்பனையின் விலை, எல்லார்க்கும் திறந்த சந்தையின் விலையாக இருந்திருத்தல் அரிது. பழைய உறுதியொன்றிற் குறைந்த விலையைக் காண்பவர், வாங்கியவர் யார் என்பதையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் போர்த்துக்கேயர் தொடங்கிய தோம்பு முறையை ஒல்லாந்தர் விரிவாக்கினர். குடிகளையும் அவர்தம் கடமைகளையும் தலைத்தோம்பு கூறியது. நிலங்களையும் அவற்றின் உடைமையாளரையும் காணித்தோம்பு கூறியது. வன்னியோ இவ்வேட்டுக்குள் முழுமையாக அடங்கவில்லை. அங்கு வன்னியர் தலைவர்கள் யானைகளைத் திறையாகக் கொடுத்துத் தம் நிலத்தைத் தாமே ஆண்டனர். குளத்தின் கீழ் யாருக்கு எவ்வளவு வயல் என்பது ஊரவர் நினைவில் இருந்தது. விதைக்கும் நெல்லின் அளவே நிலத்தின் அளவாயிற்று. 1803ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய பண்டாரவன்னியன், அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் தோல்வியுற்றான். அதன்பின் ஆங்கிலேயர் ஆட்சி வன்னியில் வேரூன்றியது. எழுத்து வழக்கும் அதனுடன் வந்தது.

வன்னிக் காணிகளின் விலை வரலாற்றில் 1840ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. அவ்வொரே ஆண்டில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. 7ஆம் இலக்கச் சட்டம், அசைவற்ற ஆதனத்தின் விற்பனை எழுத்தில் இருத்தல் வேண்டும் என்றும், நொத்தாரிசு ஒருவர்க்கும் இரு சாட்சிகளுக்கும் முன்னிலையிற் கையெழுத்திடப்பட வேண்டும் என்றும் விதித்தது. இச்சட்டத்தினால் விலை எழுத்தில் ஏறியது. 12ஆம் இலக்கச் சட்டமோ, காடும் தரிசும், பயிரிடப்படாத நிலமும், மறுதலையாக நிறுவப்படும்வரை முடிக்குரியனவே எனக் கொண்டது. இதனால் வன்னியிற் பெரும்பகுதி நிலம் விற்பனைக்கே அப்பாற்பட்டதாயிற்று. குடாநாட்டிற் பனை வடலி நின்ற நிலத்துக்கும் தோம்பைச் சான்றாகக் காட்ட இயன்றது. காய்ச்சலாற் குடிபெயர்ந்து, குளம் உடைந்து, காடு மூடிய வன்னி ஊர்களுக்குச் சான்று காட்ட யாரிருந்தார்? 1895ஆம் ஆண்டில் வெளிவந்த ஜே. பி. லூயிசின் வன்னி மாவட்டக் கைந்நூலைப் படிப்போர் குடியருகிய ஒரு நாட்டையே காண்பர். ஒரு சட்டம் விலையைப் பதியும் வழியைத் திறக்க, மற்றொன்று பதிவதற்குரிய நிலத்தைச் சுருக்கிவிட்டது.

1863ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தோடு காணிப் பதிவு முறை அமைந்தது. இன்று நடைமுறையில் உள்ளது 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுச் சட்டம். இம்முறையின் சிறப்பு யாதெனில், ஒவ்வொரு காணிக்கும் பதிவேட்டில் ஓர் இதழ் ஒதுக்கப்பட்டு, அக்காணியைப் பற்றிய உறுதிகள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாக அவ்விதழிலேயே பதியப்படுவதாகும். கட்டணம் செலுத்தி எவரும் அதனைப் பார்வையிடலாம். ஒல்லாந்தர் போய் இரண்டு நூற்றாண்டுக்கு மேலாகியும், இப்பதிவுகளைத் தேடுவதைத் தோம்பு பார்த்தல் என்றே மக்கள் கூறுவர்.

பதிவேட்டிற் காணும் விலையை எவ்வாறு வாசித்தல் வேண்டும்? நீதிமன்றிற் சாட்சியை விசாரிப்பது போன்றே விசாரித்தல் வேண்டும்.

முதலாவது வினா, உறுதி எவ்வகையானது என்பது. சீதன உறுதியிலும் நன்கொடை உறுதியிலும் ஒரு பெறுமதி எழுதப்பட்டிருக்கும். அது தீர்வைக்காகக் குறித்த தொகை. சந்தையில் எவரும் கொடுத்த பணம் அன்று. குறித்த காலத்துள் மீட்டுக்கொள்ளலாம் என்னும் நிபந்தனையோடு எழுதிய விற்பனை உறுதி, பெயரளவில் விற்பனையாயினும் உண்மையிற் கடனே. அதில் எழுதப்பட்டது கடனாகப் பெற்ற தொகை; காணியின் விலை அதனினும் மிகுதியாக இருக்கும். அறுதி விற்பனை உறுதிகளையே தனியே பிரித்தெடுத்து ஆராய்தல் வேண்டும்.

இரண்டாவது வினா, பணம் கைமாறியதா என்பது. உறுதியின் இறுதியில் நொத்தாரிசு எழுதும் சான்றுரை இதற்கு விடை தரும். விலைப்பணம் தம் முன்னிலையிற் கொடுக்கப்பட்டது என்று அவர் எழுதியிருக்கலாம். முன்னரே பெற்றுக்கொண்டதாக விற்றவர் ஏற்றுக்கொண்டார் என்றும் எழுதியிருக்கலாம். முன்னையது வலிய சான்று. பின்னையது அவ்வளவு வலியதன்று.

மூன்றாவது வினா, விலையைக் குறைத்து எழுதுவதால் எவர்க்கேனும் நயம் உண்டா என்பது. விற்பனை உறுதிக்குரிய முத்திரைத் தீர்வை, முதல் ஓர் இலட்சம் ரூபாவுக்கு நூற்றுக்கு 3, எஞ்சிய தொகைக்கு நூற்றுக்கு 4 என மாகாணங்களில் நெடுங்காலம் வழங்கி வந்துள்ளது. இருபத்தைந்து இலட்சத்துக்கு வாங்கிய வளவுக்கு இவ்விகிதப்படி தீர்வை 99,000 ரூபா. உறுதியில் பத்து இலட்சம் என்று எழுதினால் 39,000 ரூபா போதும். அறுபதினாயிரம் ரூபாவை மீதப்படுத்தும் ஆசை பலருக்கும் உண்டாவது இயல்பே. அவ்வாறு எழுதியவரின் காணி பின்னொரு நாள் வீதிக்காகச் சுவீகரிக்கப்படுமாயின், அவர் கையெழுத்தே அவருக்கு எதிர்ச்சாட்சியாகும். அதனினும் பெரிய தீங்கு அயலவர்க்கு நேர்வது. அவ்வொழுங்கையில் உள்ள ஒவ்வொரு வளவையும் மதிப்பிடுவோர் அக்குறைந்த விலையையே அளவுகோலாகக் கொள்வர்.

நான்காவது வினா, விற்கப்பட்டது யாது என்பது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் உறுதிகள் பரப்புக் கணக்கிற் பேசும். பதினாறு பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். ஆயினும் பத்துப் பரப்பிற் பிரிக்கப்படாத ஐந்திலொரு பங்கை வாங்குபவர், எல்லையிட்ட இரண்டு பரப்பை வாங்குபவரைப் போன்றவரல்லர். அவர் காணியோடு நான்கு பங்காளரையும் சேர்த்து வாங்குகிறார்; ஆகவே குறைவாகவே கொடுப்பார். உறுதியின் கடைசி வரிகளும் கவனித்தற்குரியன. கிணற்றுப் பங்கு உண்டா? வழிவாய்க்கால் உரிமை உண்டா? வன்னியில் நன்னீர்க் கிணறுள்ள வளவும் உவர்நீர்க் கிணறுள்ள வளவும் பரப்பில் ஒத்திருந்தாலும் விலையில் ஒவ்வா.

ஐந்தாவது வினா, அன்றைய ரூபாவுக்கு இருந்த வலு எவ்வளவு என்பது. இதற்கு விடை காண உலகம் மேற்கொண்ட வழியொன்றை இங்குக் குறிப்பிடலாம். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் தோம்பு எழுதிய காலத்தில், அவர்தம் தலைநகராகிய அம்சுரடாமில் ஹேரன்கிராக்ற் என்னும் கால்வாய்க்கரை வீடுகள் விற்கப்பட்ட விலைகளும் எழுத்தில் ஏறிக்கொண்டிருந்தன. பீற் ஐக்கோல்ற்சு என்னும் அறிஞர் 1628 முதல் 1973 வரையான அவ்விற்பனைப் பதிவுகளை ஆராய்ந்து 1997ஆம் ஆண்டில் ஒரு விலைச் சுட்டெண்ணை வெளியிட்டார். வெவ்வேறு வீடுகளை ஒப்பிடாமல், ஒரே வீடு முதலில் விற்ற விலையையும் அடுத்து விற்ற விலையையும் ஒப்பிடுவது அவர் கையாண்ட முறை. பணத்தின் வலுக்குறைவைக் கழித்துப் பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டில் அவ்வீடுகளின் உண்மை விலை இருமடங்கு அளவே உயர்ந்திருந்தது. காணி விலை என்றும் வானளாவ ஏறும் என்னும் நம்பிக்கையை இம்முடிவு அசைத்துவிட்டது.

நம் பதிவகத்தின் இதழ் முறை இவ்வாய்வுக்கென்றே அமைந்தது போன்றது. ஒரே காணியின் விற்பனைகள் ஒரே இதழில் வரிசையாக நிற்கின்றன. உதாரணமாக, ஒரு வளவு முன்பு 40,000 ரூபாவுக்கும், பின்பு 1,20,000 ரூபாவுக்கும் விற்கப்பட்டதாகக் கொள்வோம். விலை மும்மடங்காயிற்று எனத் தோன்றும். அவ்விடைக்காலத்திற் பொருள்களின் பொதுவிலை இருமடங்காயிருப்பின், வளவின் உண்மை உயர்வு ஒன்றரை மடங்கே. இக்கணக்குக்கு 1952ஆம் ஆண்டை அடியாண்டாகக் கொண்டு தொடங்கிய கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓரளவு உதவும். இரு விற்பனைக்குமிடையே மண்வீடு கல்வீடாயிற்றா என்பதையும் விசாரித்தல் வேண்டும்; கட்டடத்தால் வந்த உயர்வு நிலத்தின் உயர்வாகாது.

இவ்வளவும் பதிவேட்டில் உள்ள விலையைப் பற்றியது. வன்னியின் பெரிய சிக்கல் பதிவேட்டில் இல்லாததைப் பற்றியது.

1902ஆம் ஆண்டிற் தொடங்கி 1920ஆம் ஆண்டில் நிறைவுற்ற இரணைமடுக் குள வேலை, கிளிநொச்சிப் பகுதியின் தலைவிதியை மாற்றியது. யாழ்ப்பாணத்தின் நெருக்கத்தைக் குறைப்பதற்காக 1936ஆம் ஆண்டிற் கிளிநொச்சியிற் குடியேற்றம் தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டில் நிறைவேறிய 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திச் சட்டமே, குடியேறியோர் காணியை எவ்வாறு உடையராயிருப்பர் என்பதை வகுத்தது. அச்சட்டத்தின் நோக்கம் நல்லது. ஏழை உழவன் கடன்பட்டுக் காணியை இழந்துவிடலாகாது. துண்டு துண்டாகப் பிரித்து அதனை உதவாததாக்கிவிடலும் ஆகாது. எனவே அனுமதிப்பத்திரத்தால் வழங்கிய காணியை உடையவர் தம் விருப்பம்போல் விற்க இயலாது; அதிகாரியின் இசைவு வேண்டும். குடியேற்றத் திட்டங்கள் பெருகியபோது வன்னியிற் பல்லாயிரம் குடும்பங்களின் வீடும் வயலும் இவ்வகையிலே அடங்கின. மக்கள் இதனைப் பெர்மிற் காணி என்பர்.

விற்கக்கூடாத காணிக்குப் பதிவேட்டில் விற்பனை விலை ஏது? ஆயினும் குடும்பங்களின் தேவை சட்டத்துக்காகக் காத்திருப்பதில்லை. மகளின் திருமணத்துக்காகவும், நோய்க்காகவும், மகனின் வெளிநாட்டுப் பயணத்துக்காகவும் இக்காணிகள் வெறுங் கடிதங்களின் பேரிற் கைமாறியதுண்டு. அக்கடிதங்களிற் கண்ட தொகை எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஆகவே ஒரே வீதியின் இருமருங்கிலும் ஒத்த மண்ணும் ஒத்த தண்ணீரும் உள்ள இரு வளவுகளில், உறுதிக் காணிக்கு விலை வரலாறு உண்டு. பெர்மிற் காணிக்கு இல்லை. பதிவேட்டை மட்டும் பார்ப்பவருக்குப் பின்னையது விலையற்றது போலத் தோன்றும். ஐம்பது ஆண்டு உழைப்பாற் கட்டிய வீடும், தோண்டிய கிணறும், நட்ட தென்னையும் அவர் கணக்கிலிருந்து நழுவிவிடும்.

போர் இச்சிக்கலைப் பன்மடங்காக்கியது. இடம்பெயர்ந்தோர் பலமுறை பெயர்ந்தனர். உறுதிகளும் அனுமதிப்பத்திரங்களும் எரிந்தன, தொலைந்தன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையோரத்தை அழித்தபோது பெட்டகங்களோடு பத்திரங்களும் போயின. எனினும் உறுதிக் காணிக்காரர் முற்றிலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. நொத்தாரிசு சட்டப்படி உறுதி மூன்று படிகளாகின்றது. மூலம் வாங்கியவரிடமும், ஒருபடி நொத்தாரிசிடமும், மற்றொருபடி பதிவகத்திலும் இருக்கும். ஒன்று அழியினும் பிறிதொன்று எஞ்சியிருக்கலாம். முல்லைத்தீவு 1978ஆம் ஆண்டிலும், கிளிநொச்சி 1984ஆம் ஆண்டிலுமே தனி மாவட்டங்களாயின. கிளிநொச்சிக் காணிகளின் பழைய பதிவுகளை யாழ்ப்பாணத்திலும் தேட நேரிடும். பத்தாண்டு ஆட்சியால் உரிமை பெறும் 1871ஆம் ஆண்டின் விதியால், இடம்பெயர்ந்தோர் தம் காணியை இழந்துவிடலாகாது என்பதற்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கருத்திற் கொண்டு அது நிவாரணம் வகுத்தது.

போர்க்காலத்து விற்பனைகளின் விலைகளும் தனித்துக் கருதற்குரியன. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம், சந்தைப் பெறுமதி என்பதற்கு இலக்கணம் கூறுகிறது. விற்க விருப்பமுள்ள ஒருவர் திறந்த சந்தையில் விற்றால் எதிர்பார்க்கக்கூடிய தொகையே அது. எறிகணைக்கு அஞ்சி ஓடும் வழியில் விற்றவர் விருப்பத்தோடு விற்றவர் ஆவாரா? அவ்விலை அவருடைய துன்பத்தின் அளவேயன்றிக் காணியின் அளவாகாது. அமைதிக்குப்பின் எழுந்த விலைகளும் ஆராயாமற் கொள்ளத்தக்கனவல்ல. கண்டி வீதி 2002ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டில் மூடப்பட்டது. போர் முடிந்தபின் மீண்டும் திறக்கப்பட்டது. புகைவண்டி 2013ஆம் ஆண்டிற் கிளிநொச்சிக்கும் 2014ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பி வந்தது. வீதியோரத்திற் கடை கட்ட வாங்கிய துண்டொன்றின் விலையைக் கொண்டு, இரண்டு கட்டை உள்ளே இருக்கும் குடியிருப்பு வளவை மதிப்பது நேரிதன்று.

அவ்வாறாயின் பதிவில்லா வளவை எவ்வாறு மதிப்பது? நிலத்தையும் அதன்மேல் உள்ளவற்றையும் பிரித்தல் முதற்படி. வீடு, கிணறு, மதில், பயன்மரம் ஆகியவற்றை இன்று புதிதாக அமைக்க எவ்வளவு செலவாகும் என்று கணித்து, பழமைக்காக ஒரு பகுதியைக் கழிக்கலாம். நிலத்துக்கு, அயலில் உள்ள உறுதிக் காணிகளின் அறுதி விற்பனைகளை ஒன்றிரண்டல்லாமற் பலவாகத் தொகுத்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விலக்கி, நடுவே நிற்பதைக் கொள்ளலாம். விற்பனைத் தடையால் எவ்வளவு குறைப்பது என்பதை அதன்பின்னர்த் தனியே தீர்மானிக்கலாம். குறைப்பது எவ்வளவாயினும், எதிலிருந்து குறைக்கப்பட்டது என்பது வெளிப்படையாக இருத்தல் வேண்டும். அளிப்புக் காணிகளை முழு உரித்தாக்கும் உறுமய என்னும் திட்டம் 2024ஆம் ஆண்டிற் தொடங்கப்பட்டது. இவ்வகைக் காணிகள் முழு உரித்தாகும்தோறும் இக்கணக்கு வன்னிக்கு மேலும் இன்றியமையாததாகும். தன் வளவின் பெறுமதியை அறியாதவரே முதலில் வந்து கேட்பவருக்கு மலிவாக விற்றுவிடுவர்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1995ஆம் ஆண்டு முதற்கொண்டு நடந்த வீட்டு விற்பனை விலைகளை எவரும் இலவசமாகப் பார்வையிடலாம். கொழும்பு மாவட்டத்துக்கு இலங்கை மத்திய வங்கி காணி விலைமதிப்புச் சுட்டியொன்றை வெளியிட்டுள்ளது. வன்னியிற் காணிக்காரர் ஒருவர் தாமே பதிவகத்துக்குச் சென்று இதழ் இதழாகத் தேட வேண்டும். அத்தேட்டம் வீண்போகாதிருக்க வேண்டுமாயின், இன்று எழுதப்படும் உறுதிகள் உண்மை பேச வேண்டும். சோழர் காலத்தில் ஊர்ச்சபையார் கல்லில் வெட்டியதும், ஒல்லாந்தர் காலத்தில் மூன்று ஞாயிறு வாசித்ததும் பிற்காலத்தார்க்கு ஐயம் நேராதிருத்தற்பொருட்டே. உறுதியில் மெய்யான விலையை எழுதுபவர் தம் காணியோடு அயலவர் காணிக்கும் சான்று வைத்துச் செல்கிறார். வரலாற்றில் ஒருமுறை ஏட்டுக்குப் புறம்பாக நின்றமையால் வன்னி பட்ட இழப்பு பெரிது. மீண்டும் அவ்வாறு நேராமற் காப்பது இன்று அங்கே வளவு வைத்திருப்போர் கையிலும் உள்ளது.